திரிந்த பாலின் கணக்கு

நரின் பக்கத்து மலைகளில்
குதிரைப்பால் புளித்தால் விருந்து,
பசும்பால் புளித்தால் கடன்.
இரண்டாவதை ஆராயத்தான்
பிஷ்கெக்கிலிருந்து என்னை அனுப்பினார்கள்,
இருநூறு படிவங்களோடும்
கழுத்தில் தொங்கும் ஓர் அட்டையோடும்.

முதல் நாள் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்:
லாரி ஓட்டுகிற துர்தக்குன்.
துர்தக்குன் சொன்னார்: கறக்கிற பெண்கள்.
ஆலைக்காரர் தொலைபேசியில் சொன்னார்: மலை.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்,
கோடு தாண்டாத கையெழுத்தில்.

புருல்கான் ஒரு படிவத்தை வாங்கினாள்.
படிக்கவில்லை. திருப்பினாள்.
வெற்றுப் பக்கத்தில் அடுப்புக்கரியால்
நாளுக்குப் பதினான்கு வட்டம், ஏழு வரிசை.
"ஒரு வட்டம் ஒரு கேன்.
திரிஞ்சதைக் கறுப்பாக்குவோம்.
யாரோட கேன்னு எழுத வேண்டாம்.
யாருங்கிற சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்,
எப்போன்னு முதல்ல பார்ப்போம்."

கம்பளிக் கூடாரத்தின் மரச்சட்டத்தில்
அந்தத் தாள் தொங்கியது.
வாரக் கடைசியில் முப்பத்தொரு கறுப்பு.

ஆற்றுநீரில் கேன் அலசுவதை விட்டோம்.
வறட்டி எரித்து வெந்நீர் வைத்தோம்.
(வைத்தோம் என்கிறேன்;
அந்த வாரம் நான் ஒரு கேன்கூடக் கழுவவில்லை.)
பத்தொன்பது.
யாரும் கைதட்டவில்லை.
வறட்டி அடுக்கு முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

மூன்றாம் வாரம்
லாரி போகும் வழியைத் தலைகீழாக்கினோம்.
கீழ்க் கூடாரங்கள் முதலில், மேலே உள்ளவை கடைசியில்.
என் யோசனை. வரைபடத்தில் மிக நன்றாக இருந்தது.
இருபத்தாறு.
அனார்குல் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இதுல வெயில் எங்கே போட்டிருக்கீங்க?"

பழைய வழிக்கே திரும்பினோம்.
அன்றிரவு மூன்று தாள்களையும்
ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினோம்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
கறுப்பு சும்மா சிதறிக் கிடக்கவில்லை;
இரண்டு வரிசைகளில் ஈ மொய்த்ததுபோல் இருந்தது.
செவ்வாய். வெள்ளி.

சந்தையா? இல்லை, சந்தை ஞாயிறு.
காற்றா? காற்றுக்குக் கிழமை தெரியாது.
பிறகு யாரும் பேசவில்லை.
எல்லாரும் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள்.
விருந்தாளியிடம் சொல்லக்கூடாததை
அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

துர்தக்குன்தான் தொண்டையைச் செருமினார்.
"அம்மா வர்ற நாள் அது.
லாரியை நிறுத்தி கேள்வி கேப்பீங்க.
சத்தம் கேக்குதுன்னு எஞ்சினை அணைக்கச் சொல்வீங்க.
நாற்பது நிமிஷம்.
கேன் எல்லாம் வெயில்ல."

பால் ஏன் திரிகிறது என்று
நான் கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம்
எனக்குப் பின்னால் பால் திரிந்துகொண்டிருந்தது.

படிவத்தின் தலைப்பில் ஆய்வாளர் என்று ஓர் இடம்.
அங்கே என் பெயரை அடித்தேன்.
கீழே, 'காரணங்கள்' என்ற கட்டத்தில்,
ஆற்றுநீருக்கும் வெயிலுக்கும் நடுவில் எழுதினேன்: மீரிம்.
புருல்கான் எட்டிப் பார்த்தாள். எழுத்தைச் சரிபார்த்தாள்.
சமாதானமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நான்காம் வாரம் லாரியின் பின்தட்டில் ஏறிக்கொண்டேன்.
ஓடும்போதே கேட்டேன், புழுதியோடு எழுதினேன்.
என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை.
கேன் கழுவியதில் கட்டைவிரல் வெந்து கொப்பளித்தது.
எட்டு.

எட்டு ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
இரண்டு ரப்பர் வளையங்கள்மேல் சந்தேகம்.
"முடிவுரை அனுப்பவும்" என்று
நகரத்திலிருந்து செய்தி வந்தது.
வளையங்கள் வரட்டும் என்று பதில் போட்டேன்.

நேற்று போனபோது சட்டத்தில் ஒரு புதிய தாள்.
என் கடைசிப் படிவத்தின் பின்பக்கம்.
வட்டம் இல்லை; இரண்டு பத்தி எண்கள்.
நாங்கள் அளந்தது. ஆலை அளந்தது.
தினமும் நான்கு லிட்டர்
மலைக்கும் தராசுக்கும் இடையில் எங்கோ இறங்கிவிடுகிறது.

"இதுக்கு உங்க ஆபீஸ் காசு தருமா?"
என்றாள் அனார்குல்.
தெரியாது என்றேன்.

"சரி" என்று புருல்கான்
கரித்துண்டை என் பக்கம் நகர்த்தினாள்.
"இன்னிக்கு நீங்க அளங்க."